பழைய கார் டோட்டல் லாஸ்: பாலிசியில் 2,60,000, கம்பெனி சொல்வது 1,20,000

கோட்டையூர் வாசி:
வணக்கம். வண்டி, இன்சூரன்ஸ் விஷயம் தெரிந்தவர்கள் கொஞ்சம் அவசரமாக யோசனை சொல்லுங்கள்.

2014 மாடல் ஸ்விஃப்ட் டீசல். டி.என். 63 பதிவு, முதல் ஓனர் அப்பா. போன வாரம் ராத்திரி திருமயம் பக்கமிருந்து தம்பி ஓட்டி வந்தான். மாடு குறுக்கே வர, ஸ்டியரிங்கைச் சட்டென்று ஒடித்திருக்கிறான். நேரே போய்ப் புளியமரத்தில் மோதிவிட்டது. தம்பிக்குத் தோளில் அடி, கட்டுப் போட்டிருக்கிறது, மற்றபடி நன்றாக இருக்கிறான். ஸ்டேஷனில் சி.எஸ்.ஆர். (புகார் ரசீது) வாங்கியாயிற்று. லைசென்ஸ், ஆர்.சி., பாலிசி எல்லாம் நடப்பில் இருக்கின்றன.

வண்டி காரைக்குடியில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் நிற்கிறது. முன்பக்கம் இடது பாதி உள்ளே போய்விட்டது. எஸ்டிமேட் 2,31,000. பாலிசியில் ஐடிவி, அதாவது வண்டிக்குக் குறித்திருக்கும் மதிப்பு, 2,60,000. சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசி, ஜீரோ டெப் (பாகங்களுக்குத் தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) கிடையாது.

இன்று காலை கம்பெனியிலிருந்து போன். "வண்டி டோட்டல் லாஸ், ரிப்பேர் செய்து கட்டுப்படியாகாது. இந்த மாடல் வெளியில் 1,85,000க்கு மேல் போகாது. உடைந்த வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், அதற்கு 65,000 கழித்து 1,20,000 தருகிறோம். சம்மதம் என்று சாயங்காலத்துக்குள் ஒரு மெயில் போடுங்கள்" என்றார்கள்.

அப்பாவை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக இந்த ஒரு வண்டிதான். 1,20,000க்கு இதே மாதிரி இன்னொன்று வாங்க முடியாது. பேசினால் கூடுமா, இல்லை இதுதான் சட்டமா?

பள்ளத்தூரான்:
தம்பி, பதினோரு வருஷ வண்டி. வருவதை வாங்கிக்கொண்டு அடுத்த வேலையைப் பாருங்கள். இழுத்தால் மாசக்கணக்கில் போகும், ஒர்க்‌ஷாப்காரர் நிறுத்துக்கூலி கேட்பார், அதற்குள் வண்டியும் துருப்பிடித்துவிடும். என் மச்சானுக்கு இப்படித்தான் ஆயிற்று.

செக்காலை சர்வேயர்:
தம்பி, அந்த மெயிலை மட்டும் போட்டுவிடாதீர்கள். நான் வாகன சர்வேயராக, அதாவது இன்சூரன்ஸுக்காக விபத்துச் சேதத்தை மதிப்பிடுகிறவனாக, இருந்து ஓய்வு பெற்றவன். அந்தப் போனில் சொன்ன கணக்கு பாலிசியில் இல்லாத கணக்கு.

பாலிசி புத்தகத்தில் ஐடிவி என்ற பகுதியைத் திறந்து நிதானமாகப் படியுங்கள். புது வண்டிக்கு ஷோரூம் விலையிலிருந்து ஆறு மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருஷம் வரை 15, இரண்டு வருஷம் வரை 20, பிறகு 30, 40, ஐந்து வருஷம் வரை 50 என்று கழித்துக்கொண்டு வருவார்கள். ஐந்து வருஷம் தாண்டிவிட்டால் இந்த அட்டவணை கிடையாது. கம்பெனியும் வண்டிக்காரரும் பேசி ஒத்துக்கொண்ட தொகைதான் ஐடிவி. உங்கள் பாலிசியில் இருக்கும் 2,60,000 அப்படி வந்தது. அந்தத் தொகைக்குத்தான் பிரீமியமும் வாங்கியிருக்கிறார்கள்.

அதற்கு அடுத்த வரிதான் உங்களுக்கு முக்கியம். மொத்த இழப்பு (டோட்டல் லாஸ்) என்று வந்தால், பாலிசி காலம் முழுக்க ஐடிவியையே சந்தை மதிப்பாக எடுத்துக்கொள்ள வேண்டும், மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று அதில் இருக்கும். ஆகவே "வெளியில் 1,85,000தான் போகும்" என்ற பேச்சுக்கே இடமில்லை. 2008ல் உச்ச நீதிமன்றம் இதே மாதிரி ஒரு வழக்கில், பிரீமியம் வாங்கும்போது ஒப்புக்கொண்ட மதிப்பை நஷ்டஈடு தரும் நேரத்தில் கம்பெனி மறுக்க முடியாது என்று தீர்ப்புச் சொல்லியிருக்கிறது.

டோட்டல் லாஸ் என்றால் 2,60,000. அதில் கட்டாயக் கழிவு 1,000 போகும் (1500 சி.சி.க்கு உட்பட்ட கார், உங்கள் எஞ்சின் 1248 சி.சி.). மிச்சம் 2,59,000. இந்தத் தொகையில் பேரம் இல்லை. பேரம் இருக்கும் இடங்கள் இரண்டு. வண்டி டோட்டல் லாஸ்தானா என்பது ஒன்று, உடைந்த வண்டிக்கு என்ன மதிப்பு என்பது இன்னொன்று. உங்கள் பலத்தை அந்த இரண்டிலும் வையுங்கள்.

கோட்டையூர் வாசி:
ரொம்ப நன்றி ஐயா. நீங்கள் சொன்ன வரி அப்படியே எங்கள் பாலிசியில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, "ஐடிவிதான் சந்தை மதிப்பு, 1,85,000 எங்கிருந்து வந்தது என்று எழுத்தில் தாருங்கள்" என்று மெயில் அனுப்பினேன்.

இப்போது பேச்சு மாறிவிட்டது. "இது டோட்டல் லாஸே இல்லை, ரிப்பேர் கிளைம். எங்கள் பொறுப்பு 1,51,250. வண்டியைச் சரிசெய்துகொள்ளுங்கள், மீதியை நீங்கள் கட்டுங்கள்" என்று பதில் வந்திருக்கிறது. எஸ்டிமேட் 2,31,000. ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ் என்றுதானே விதி? 2,60,000ல் 75 சதவீதம் 1,95,000. அதைத் தாண்டிவிட்டதே, எப்படி டோட்டல் லாஸ் இல்லை என்கிறார்கள்?

செக்காலை சர்வேயர்:
பழைய வண்டிக்காரர்கள் எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

75 சதவீதம் என்ற விதி உண்மை. ஆனால் அந்த வாக்கியத்தில் "பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" ரிப்பேர் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் என்று ஒரு சொற்றொடர் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கம்பெனி என்ன செய்கிறது என்றால், எஸ்டிமேட்டைப் பார்க்காமல், தேய்மானம் கழித்துத் தன் பங்குக்கு வரும் தொகையை 75 சதவீதத்தோடு ஒப்பிடுகிறது. வண்டிக்காரர் மொத்தச் செலவைப் பார்க்கிறார். இந்த ஒரு வரிக்காகவே எத்தனையோ வழக்கு நடந்திருக்கிறது.

உங்கள் கணக்கை இப்படிப் போட்டிருப்பார்கள். 2,31,000ல் பாகங்கள் 1,58,000, கூலி 43,000, பெயிண்டிங் 30,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். முன் கண்ணாடி 8,000 என்றால் கண்ணாடிக்குத் தேய்மானம் கிடையாது, முழுசாக வரும். மிச்சம் 1,50,000. பத்து வருஷம் தாண்டிய வண்டிக்கு இரும்புப் பாகத்தில் பாதி போய்விடும். ரப்பர், நைலான், பிளாஸ்டிக், டயர், பேட்டரி இவற்றுக்கு எந்த வயதிலும் பாதிதான். ஆக 75,000. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பெயிண்ட் விலையாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 3,750 போக 26,250. கூலி 43,000 முழுசாக. கூட்டினால் 1,52,250. ஆயிரம் கழித்தால் 1,51,250. சரியாக வருகிறதா?

ரிப்பேருக்கு ஒத்துக்கொண்டால் 79,750 உங்கள் கையிலிருந்து. அதுவும் இந்த எஸ்டிமேட் இத்தோடு நின்றால். என் கேள்வி ஒன்றுதான்: வண்டியைப் பிரித்துப் பார்த்து எழுதிய எஸ்டிமேட்டா, வெளியே நின்று எழுதியதா?

கோட்டையூர் வாசி:
கணக்கு ரூபாய் பிசகாமல் அதுதான் ஐயா. முன் கண்ணாடியும் 8,000தான் போட்டிருக்கிறார்கள். பிரித்துப் பார்க்கவில்லை. வெளியே தெரிந்ததை வைத்து எழுதியது.

புதுவயல் டிங்கர்:
அண்ணே, போட்டோ பார்த்தேன். இடது முன்சக்கரம் கதவுப் பக்கம் தள்ளி நிற்கிறது. சக்கரம் அவ்வளவு பின்னால் வந்திருந்தால் பம்பர், பானட், லைட், ஃபெண்டரோடு சேதம் நிற்காது. உள்ளே ஏப்ரான் (சக்கரத்துக்கு உள்பக்கத் தகடு) மடங்கியிருக்கும். கீழே சஸ்பென்ஷன் ஃபிரேம், லோயர் ஆர்ம், ஸ்டியரிங் ராக் மூன்றையும் பார்க்க வேண்டும். கியர்பாக்ஸ் மவுண்ட் விட்டிருக்கலாம். கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், மேல் மூலையில் இடித்தால் பில்லரும் (கதவு மாட்டியிருக்கும் தூண்) அசைந்திருக்கிறது என்று அர்த்தம். மரத்தில் மோதிய வண்டிக்கும் இன்னொரு வண்டியில் மோதியதற்கும் இதுதான் வித்தியாசம். மரம் நகராது, அடி முழுக்க ஒரே இடத்தில் இறங்கும்.

ஒர்க்‌ஷாப்காரரிடம் பிரிக்கச் சொல்லுங்கள். ஆனால் கம்பெனி சர்வேயருக்கு முன்கூட்டித் தகவல் கொடுத்து அவரை வைத்துக்கொண்டு பிரிக்க வேண்டும். தனியாகப் பிரித்துவிட்டால் "இது பழைய தேய்மானம், இந்த விபத்தில் வந்ததில்லை" என்று ஒவ்வொரு பாகத்துக்கும் சண்டை வரும். கழற்றிய பாகத்தைத் தேதியோடு போட்டோ எடுத்து, ஒரு மூலையில் சேர்த்து வையுங்கள். இன்னொன்று, சில பேர் இல்லாத சேதத்தை எஸ்டிமேட்டில் ஏற்றச் சொல்வார்கள். எங்கள் பட்டறையில் அதைச் செய்வதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். ஒன்று பொய் என்று தெரிந்தால் மீதி ஒன்பதும் சந்தேகத்தில் போய்விடும்.

பள்ளத்தூரான்:
பிரித்த பிறகும் ரிப்பேர் கிளைம்தான் என்று சொல்லிவிட்டால்? பிரித்த கூலி யார் தலையில்?

புதுவயல் டிங்கர்:
ரிப்பேர் அங்கேயே செய்தால் அந்தக் கூலி பில்லுக்குள் வந்துவிடும். டோட்டல் லாஸ் ஆனால் சில ஒர்க்‌ஷாப் தனியாகக் கேட்கும். ஆரம்பத்திலேயே பேசி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது. நிறுத்துக்கூலியும் அப்படித்தான். பள்ளத்தூர் அண்ணன் சொன்னது அந்த அளவில் சரி.

தேவகோட்டை மருமகள்:
தம்பி, எங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டிக்கு இதே மாதிரி பேச்சு நடந்தது, அதனால் சொல்கிறேன். போனில் எதையும் முடிக்காதீர்கள். அவர்கள் போன் செய்தால் மரியாதையாகப் பேசுங்கள், வைத்தவுடன் "இன்று இந்த நேரத்தில் நீங்கள் சொன்னது இது" என்று ஒரு மெயில் போட்டுவிடுங்கள். எங்களுக்கு அந்த மெயில்கள்தான் கடைசியில் கைகொடுத்தன.

சர்வே ரிப்போர்ட் நகல் கேளுங்கள். கேட்டால் தர வேண்டும். 2024 ஜூனில் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. போட்ட மாஸ்டர் சர்குலரில் சர்வேயரை அமர்த்தி 15 நாளில் ரிப்போர்ட், ரிப்போர்ட் வந்த 7 நாளில் முடிவு என்று காலக்கெடு இருக்கிறது. அதைச் சுட்டிக்காட்டினாலே வேகம் வரும்.

அதற்கும் அசையவில்லை என்றால் முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுத்தில் புகார். ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் பீமா பரோசா என்ற புகார் தளத்திலும் பதியலாம். ஒரு மாதம் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் இருக்கும் இன்சூரன்ஸ் ஓம்புட்ஸ்மேன் (புகார்களை விசாரிக்கும் நடுவர்). அதற்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைக்கவும் கூடாது, விசாரணையை வீடியோவிலேயே வைத்துக்கொள்ளலாம். கம்பெனி மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். சிவகங்கை நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் அதே விஷயத்துக்கு ஓம்புட்ஸ்மேன் எடுக்க மாட்டார். ஓம்புட்ஸ்மேனிடம் முதலில் போய், தீர்ப்பு பிடிக்கவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்கு வரலாம். ஓம்புட்ஸ்மேன் தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், நம்மைக் கட்டுப்படுத்தாது.

கானாடுகாத்தான் வீடு:
தம்பி விஷயத்துக்கு இடையில் எனக்கு ஒரு சந்தேகம். எங்கள் வீட்டில் அப்பச்சி காலத்து அம்பாசடர் ஒன்று இருக்கிறது. கோயில், கல்யாணம், பிள்ளையார்பட்டி என்று இன்னும் ஓடுகிறது. 2014லேயே அம்பாசடர் தயாரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு வருஷமும் ஏஜென்ட் ஐடிவியை இறக்கிக்கொண்டே வருகிறார், பிரீமியம் குறையும் என்கிறார். போன வருஷம் 40,000 போட்டிருக்கிறார். டிங்கர் வேலையும் பெயிண்டும் புதிதாகச் செய்ததே அதைவிட அதிகம். என்ன செய்யலாம்?

செக்காலை சர்வேயர்:
உங்கள் கேள்வி தம்பியுடைய கேள்விக்குப் பக்கத்துக் கேள்விதான், கேட்டது நல்லதாயிற்று. நஷ்டஈட்டுப் பேரம் முக்கால்வாசி ரெனியூவல் அன்றே முடிந்துவிடுகிறது. பிரீமியத்தில் சில நூறு ரூபாய் குறைகிறது என்று ஐடிவியை இறக்கச் சம்மதித்தால், விபத்து நடந்த பிறகு எந்த நீதிமன்றமும் அந்த எண்ணுக்கு மேல் தராது. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடையில் தேக்குத் தூணை விலை பேசும்போது அதற்கு வயதாகிவிட்டது என்று யாராவது குறைத்துக் கேட்பார்களா? நன்றாக வைத்திருக்கும் அம்பாசடரும் அப்படித்தான், ஆனால் அதைப் பாலிசி எழுதும் நாளில் சொல்ல வேண்டும்.

அடுத்த ரெனியூவலுக்கு ஒரு மாதம் முன்னால் லைசென்ஸ் உள்ள மதிப்பீட்டாளரிடம் மதிப்பீட்டுச் சான்று வாங்குங்கள். செய்த வேலைக்கான பில், நாலு பக்கமும் உள்ளேயும் எடுத்த போட்டோ எல்லாம் சேர்த்து, "இந்த ஐடிவிக்குப் பாலிசி தாருங்கள்" என்று கம்பெனிக்கே எழுதுங்கள். ஒரு கம்பெனி மறுத்தால் இன்னொன்றிடம் கேளுங்கள். ஐந்து வருஷம் தாண்டிய வண்டிக்குப் பரஸ்பர சம்மதம் என்று விதியே சொல்லும்போது உங்கள் சம்மதமும் அதில் ஒரு பாதி. அதற்காகக் கண்டபடி ஏற்றியும் போட வேண்டாம். அளவுக்கு மிஞ்சினால் பிரீமியம் வீண், கிளைம் வந்தால் சந்தேகமும் வரும். ஆர்.சி. புதுப்பிப்பு நடப்பில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 15 வருஷம் தாண்டிய வண்டிக்கு அதுதான் முதல் கேள்வி.

கோட்டையூர் வாசி:
எல்லோருக்கும் நன்றி. நிலவரம் சொல்கிறேன்.

சர்வேயரை வைத்துக்கொண்டு பிரித்தார்கள். டிங்கர் அண்ணன் சொன்னது அப்படியே. ஏப்ரான் தகடு மடித்த காகிதம் போல ஸ்டியரிங் ராக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சஸ்பென்ஷன் ஃபிரேமில் விரிசல். ஏ.சி. கண்டென்சர், ரேடியேட்டர் சப்போர்ட், ஒரு மவுண்ட், டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் குறுக்குக் கம்பி எல்லாம் போயிருக்கின்றன. கூடுதல் எஸ்டிமேட் 81,000: பாகம் 69,000, கூலி 12,000. மொத்தம் 3,12,000. வண்டியின் ஐடிவியையே தாண்டிவிட்டது.

ஐயா முறையிலேயே கணக்குப் போட்டேன். 69,000ல் பாதி 34,500, கூலி 12,000, சேர்த்து 46,500. பழைய 1,52,250ஓடு கூட்டினால் 1,98,750. தேய்மானம் கழித்த பிறகும் 1,95,000 தாண்டிவிட்டது. இதை மெயிலில் எழுதி, சர்வே ரிப்போர்ட் நகலும் கேட்டேன். டோட்டல் லாஸ் என்று இன்று எழுத்தில் ஒத்துக்கொண்டுவிட்டார்கள்.

ஆனால் உடைந்த வண்டிக்கு இப்போது 1,05,000 மதிப்பு என்கிறார்கள்! முதல் போனில் 65,000. "வண்டியை நீங்கள் வைத்துக்கொண்டால் 1,54,000 தருவோம்" என்கிறார்கள். காரைக்குடியில் கேட்டுப் பார்த்தேன், மதுரையிலிருந்து ஒருவர் நேரில் வந்தும் பார்த்தார். 72,000க்கு மேல் யாரும் போகவில்லை.

செக்காலை சர்வேயர்:
ரொம்ப நல்லது தம்பி. இது நான் சொன்ன இரண்டாவது இடம். உடைந்த வண்டியை வைத்துக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. 1,05,000க்கு எடுக்க ஆள் இருந்தால் அந்த ஆளிடமே கொடுக்கிறோம், எங்களுக்கு மொத்தம் 2,59,000 வந்தால் போதும் என்று எழுதுங்கள். சால்வேஜ் (உடைந்த வண்டி) ஏலத்தில் வந்த விலையையும் எழுத்தில் கேளுங்கள். ஏலத்தில் பெரிய எண் சொல்லிவிட்டு நேரில் வந்து பின்வாங்குகிறவர்கள் உண்டு. அந்த எண்ணைக் கழித்துக்கொண்டு வண்டியை நம் தலையில் கட்டிவிட்டால் வித்தியாசம் நம் நஷ்டம். உங்கள் விஷயத்தில் 33,000 ரூபாய்.

புதுவயல் டிங்கர்:
அண்ணே, பணம் அப்பா கணக்கில் ஏறாமல் வண்டியை நகர்த்த விடாதீர்கள். பெயர் மாற்றத்துக்கான 29, 30 ஃபாரத்தை நிரப்பாமல் வெற்றாக கையெழுத்துப் போட்டும் கொடுக்காதீர்கள். காயலான் கடைக்குப் போகிறது என்று சொல்வார்கள், உங்கள் சேஸிஸ் நம்பரும் ஆர்.சி.யும் வேறு ஊரில் திருட்டு வண்டியில் ஓடும்.

செக்காலை சர்வேயர்:
முழுக்க உண்மை. ஆர்.டி.ஓ. ஆவணத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் ஓனர், விபத்து நடந்தால் பொறுப்பும் அவருக்கே என்று 2018ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வண்டி இனி ஓடாது என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 55வது பிரிவின்படி 14 நாளில் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்யலாம். வாங்குகிறவர் ஆர்.சி.யோடு வேண்டும் என்றால் பெயர் மாற்றம் முடிந்து உங்கள் கைக்கு அத்தாட்சி வர வேண்டும். ரத்து செய்தால் சால்வேஜ் விலை கொஞ்சம் இறங்கும். ஆனால் மொத்தம் 2,59,000 என்று நிற்கும்போது அந்த இறக்கம் கம்பெனியின் கணக்கில்தான் போகும், உங்கள் கணக்கில் இல்லை. என் யோசனை ரத்துதான்.

பள்ளத்தூரான்:
நான் முதலில் சொன்னது 1,20,000ஐ வாங்கிக்கொள்ளச் சொல்லி. இவ்வளவு தூரம் வந்தபின் நான் வேறு சொல்ல மாட்டேன். ஆனால் டிஸ்சார்ஜ் வவுச்சர் என்று ஒன்று கையெழுத்து கேட்பார்களே, "முழு இறுதித் தீர்வு" என்று போட்டிருக்கும். அதில் கையெழுத்துப் போட்டால் கதை முடிந்ததா?

தேவகோட்டை மருமகள்:
முடியாது அண்ணே. அந்தக் கையெழுத்தால் கூடுதல் தொகை கேட்கும் உரிமை போகாது என்று 2015லேயே இன்சூரன்ஸ் ஆணையம் சர்குலர் போட்டிருக்கிறது. இருந்தாலும் தொகையில் சம்மதம் இல்லை என்றால் அதே நாளில் "ஆட்சேபத்தோடு பெற்றுக்கொள்கிறேன்" என்று ஒரு மெயில் போட்டுவிடுவது பாதுகாப்பு.

கோட்டையூர் வாசி:
முடிந்தது. 1,05,000 என்றவர் வண்டியைப் பார்க்கக்கூட வரவில்லை. மறு ஏலத்தில், ஆர்.சி. ரத்து என்ற நிபந்தனையோடு, 84,000க்கு வேறொருவர் எடுத்தார். அவர் பணம் அப்பா கணக்கில் ஏறிய பிறகு வண்டி போயிற்று. கம்பெனியிலிருந்து 1,75,000. மொத்தம் 2,59,000. ரெக்கவரி வண்டிக் கூலியில் பாலிசி அனுமதிக்கும் 1,500ம் தனியாக வந்துவிட்டது. ஒர்க்‌ஷாப்காரருக்குப் பிரித்த கூலி 4,000 கொடுத்தோம், அது நியாயம்.

ஐயாவுக்கும் அக்காவுக்கும் டிங்கர் அண்ணனுக்கும் எங்கள் அப்பா தனியாக நன்றி சொல்லச் சொன்னார். இன்னும் ஒரே ஒரு கேள்வி. 50 சதவீதம் நோ கிளைம் போனஸ் (கிளைம் வாங்காத வருஷங்களுக்கான பிரீமியத் தள்ளுபடி) இருந்தது, அதை அடுத்த வண்டிக்கு மாற்ற முடியுமா?

செக்காலை சர்வேயர்:
முடியாது தம்பி. சொந்தச் சேத கிளைம் வாங்கியாயிற்று, போனஸ் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். அடுத்த வண்டிக்குப் பிரபோசல் எழுதும்போது அந்தக் கட்டத்தில் 50 என்று ஏஜென்ட் போட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய கம்பெனியிடம் விசாரித்துத் தெரிந்தால் அடுத்த கிளைமை அதை வைத்தே மறுப்பார்கள். ஆர்.சி. ரத்துக் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வையுங்கள், அந்த நம்பருக்கு ஏதாவது அபராத நோட்டீஸ் வந்தால் அதைத்தான் காட்ட வேண்டும். அப்பாவுக்கு என் வணக்கம்.